காதை எட்டிய கை

ஆபீஸ் குமாஸ்தா முதலில் பார்த்தபோது ஆயாம்மா வக்கீல் ஆபீஸ் மாடிப்படியின் நடுவில், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மேலே ஏறவும் மனமில்லை, கீழே இறங்கவும் மனமில்லை என்கிற உட்காரல் அது. குமாஸ்தா அவரைத் தரை பெருக்க வந்த புது ஆள் என்று நினைத்துக்கொண்டார்.

"வாளியும் துடைப்பமும் பின்னாடி இருக்கும்மா. வக்கீல் வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க."

"வாளி புடிக்கிற வேலை எனக்கு வேற இடத்துல இருக்கு" என்றார் ஆயாம்மா. "நான் செத்துப்போன வாட்ச்மேன் சம்சாரம்."

குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாட்ச்மேனைக் கொன்ற பையனுக்காக வாதாடும் ஆபீஸ் அது. செத்தவரின் மனைவி அந்தப் படியேறி வருவார் என்று யார் எதிர்பார்த்தார்கள்? புதிதாகச் சேர்ந்த சின்ன வக்கீல் அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

"ஒரே ஒரு கேள்விதான் தம்பி. நான் பேசாம இருந்தா அது குத்தமா?"

எதைப் பற்றி என்று கேட்டான். அவர் சொல்லச் சொல்ல, எழுத எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டான்.

ஆயாம்மாவுக்கு ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை. மணி அடிப்பது, கழிவறை கழுவுவது, வகுப்பில் வாந்தியெடுத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் முகம் கழுவிவிடுவது. குடியிருப்பது நீளமான வரிசை வீடுகளில் ஒன்று. எதிர்வீட்டில் ஒரு தையல் கம்பெனிக்காரி. புருஷன் விட்டுவிட்டுப் போனவள், கையில் ஒரே பையன். வயதுக்கு மீறிய கை கால் நீளம் அவனுக்கு. தெருவே அவனை நெட்டை என்றுதான் கூப்பிட்டது.

நெட்டை பிறந்தது கட்டட வேலை நடந்த இடத்தில், தகரக் கொட்டகையில். பிறந்ததைப் பதிய வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து வயதில் அவனைப் பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டிய நிலை வந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேலைக்கு வராதே என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் பள்ளியில் சேர ஆறு முடிந்திருக்க வேண்டும்.

தாள் எதுவும் இல்லாத பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் ஒரு வழி வைத்திருந்தார். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் ஆறு. எட்டாவிட்டால் அடுத்த வருடம். அத்தனை நீளக் கை இருந்தும் நெட்டைக்கு ஒரு விரல் எட்டவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஆயாம்மாதான் அவனை நிறுத்திப் பழக்கினார்.

"தலையக் கொஞ்சம் சாய்ச்சுக்கோடா. தோளத் தூக்கு. ஆங், அவ்வளவுதான். சிரிக்காத, சிரிச்சா மாட்டிக்குவ."

மறுநாள் காது எட்டியது. "ஆறு முடிஞ்சிடுச்சா?" என்று தலைமையாசிரியர் கேட்க, பெற்றவள் வாயைத் திறப்பதற்குள் ஆயாம்மா முந்திக்கொண்டார்: "முடிஞ்சிடுச்சு சார்."

அப்படி ஒட்டிக்கொண்டதுதான் அந்த ஒரு வயது. அது யாருக்கும் ரகசியமில்லை. வாட்ச்மேன்கூட, "உங்க பெரியம்மா ஒரே ராத்திரியில உன்னை ஒரு வருஷம் வளத்துட்டாடா" என்று அவனைச் சீண்டுவார். அம்மா வேலை முடிந்து வரும்வரை நெட்டைக்கு ஆயாம்மா வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம்.

பிறகு படிப்பு நின்றது. சேர்க்கை கெட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாட்ச்மேன் காவல் இருந்த கிடங்கில் செம்புக் கம்பி திருட மூன்று பேர் சுவர் ஏறிக் குதித்தார்கள். மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். மூன்றாமவனை வாட்ச்மேனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "டேய் நெட்டை, வீட்டுக்குப் போடா" என்றாராம். நெட்டை கையில் இரும்புக் குழாய் இருந்தது. ஒரு அடியோடு அவன் நிறுத்தவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பள்ளிக் கணக்கில் அவனுக்குப் பதினெட்டு முடிந்து சில மாதங்கள். உண்மையில் பதினேழுதான். பதினெட்டு முடிந்தவன் என்றால் பெரிய கோர்ட், வாலிபம் முழுக்க ஜெயிலில் போகும். முடியாதவன் என்றால் சிறுவர் கோர்ட், அப்போது இருந்த சட்டப்படி மிஞ்சிப் போனால் மூன்று வருடம் சிறுவர் இல்லம். எலும்பைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், பதினேழும் இருக்கலாம், பத்தொன்பதும் இருக்கலாம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். தலைமையாசிரியர் காலமாகிவிட்டார். பெற்றவள் சொன்னால் எடுபடாது, எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள். மிச்சம் இருந்தது ஆயாம்மாவின் வாய் ஒன்றுதான்.

"பேசாம இருக்கிறது குத்தமில்லைம்மா" என்றான் சின்ன வக்கீல். "நாங்க கோர்ட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டு, தெரியாதுன்னு சொன்னாத்தான் குத்தம்."

"அப்ப கூப்பிடுவீங்களா?"

அவன் மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தான். ஆயாம்மா செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அன்று மகள் வந்திருந்தாள். கட்டிக் கொடுத்த மகள். அப்பா போனதிலிருந்து வாரம் தவறாமல் வருபவள். அம்மா எங்கே போய்வந்தார் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அவனுக்கு வக்காலத்து வாங்கப் போனியா?"

"கேக்கத்தான் போனேன்."

"என்னத்தக் கேக்கறது? அப்பா தலையில இறங்குன குழாய்க்குச் சின்னவன் பெரியவன் தெரிஞ்சுதா? செய்யும்போது ஆம்பளை, மாட்டிக்கிட்டா பச்சப்புள்ளையா?"

"நீ சொல்றது சரிதான்டி."

"அப்புறம் என்ன? உன்னைப் பொய் சொல்லச் சொல்லலையே. வாய மூடிக்கிட்டு இருன்னுதான சொல்றேன்."

ஆயாம்மா சுவரில் சாய்ந்து கால் நீட்டிக்கொண்டார். மகள் சொன்னதில் ஒரு சொல்லையும் தள்ள முடியவில்லை. மூன்று வருடம் எந்த மூலைக்கு? பால் குடிக்கும் பிள்ளை இல்லையே அவன். ஜெயிலிலேயே கிடக்கட்டும் என்றுதான் அவர் மனமும் சொல்லியது. ஆனால் கண்ணை மூடினால், நெட்டை தோளைத் தூக்கிக்கொண்டு நிற்பதும், "சிரிக்காத" என்று தான் சொன்னதும் வந்து நின்றன. ஒரு மனுஷிக்கு இத்தனை அலுப்பு இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

எதிர்வீட்டுக்காரி ஒரே ஒரு முறை வந்தாள். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"அக்கா."

"சொல்லு."

அவள் வெறும் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"என்ன கேக்க வந்தன்னு எனக்குத் தெரியும்" என்றார் ஆயாம்மா. "கேக்காத. கேட்டுட்டா நான் செய்ய மாட்டேன். போய்ப் படு."

கோர்ட்டில் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் எழுந்து, செத்தவரின் மனைவியையே எதிராளி சாட்சிக்கு இழுப்பது கொடுமை என்றார். நீதிபதி அந்த வக்கீலை உட்காரச் சொன்னார். நெட்டை தலையைக் குனிந்தபடி நின்றான். ஆயாம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அவன் கை எட்டலை சார்" என்று ஆரம்பித்தார். "இப்படித் தலையைச் சாய்ச்சா எட்டும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்." சொல்லிக்கொண்டே கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காட்டினார். பின்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவர் கை இறங்கவில்லை. "ஆறுன்னு சொன்னதும் நான்தான். அப்ப அவனுக்கு அஞ்சு."

"இதைச் சொல்வதால் என்ன ஆகும் என்று தெரியுமா?" என்று நீதிபதி கேட்டார்.

"தெரியும் சார். அவனுக்குக் கொறஞ்சு போகும்."

"அவனை மன்னித்துவிட்டீர்களா?"

"அதெல்லாம் இல்ல சார். பெரிய ஜெயில்ல போட்டாலும் எனக்கு வருத்தமில்ல. சட்டத்தை மாத்துனா மாத்திக்கோங்க, அது உங்க வேலை. ஒரு புள்ளையப் பள்ளிக்கூடத்துல உக்கார வைக்கச் சொன்ன பொய் அது. அதை வச்சே அவனை உள்ள தள்ள எனக்கு மனசு வரலை. அவ்வளவுதான்."

வெளியே வந்ததும் மகள் ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறினாள். அம்மாவை ஏறச் சொல்லவில்லை. ஆயாம்மா பஸ்ஸுக்கு நின்றார்.

நெட்டைக்கு மூன்று வருடம் சிறுவர் இல்லம் என்று தீர்ப்பானது. அடுத்த வருடம் வெளியே வருவான். எதிர்வீட்டுக்காரி வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள், போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. மகள் போனில் மட்டும் பேசுகிறாள், அதுவும் நல்லது கெட்டதுக்கு. பள்ளியில் இப்போது பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை. ஆயாம்மா அங்கேதான் மணி அடிக்கிறார், கழிவறை கழுவுகிறார். முழங்கால் வலி கூடியிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார்.