சும்மா போகிற படகுக்கு ஓர் எண்

படகுக்கு எண் வாங்க வேண்டும் என்ற யோசனை எனக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில், ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் கையை நீட்டியபோது வந்தது. அப்போது ஆறாம் வகுப்பு. அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரர் ஆர்.சி. புக் கேட்டார். அப்பா சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக் கொடுத்தார். புத்தகத்தில் இருந்த எண்ணையும் வண்டியில் இருந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போகச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது.

வண்டி கிளம்பியதுமே அப்பாவின் காதில் கத்தினேன். "பா, நம்ம போட்டுக்கு ஆர்.சி. புக் கீதா?"

கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை கத்தினேன்.

"கேட்ச்சி, கேட்ச்சி. அத்தத்தான் ரோசன பண்ணிகினு வரேன்" என்றார்.

எங்களிடம் ஒரு படகு இருக்கிறது என்று சொன்னால் கல்லூரியில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. திருவொற்றியூரில் ஒன்றரை அறை வாடகை வீடு, அதில் மூன்று பேர், எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு படகு. அப்பாவுக்கு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கேஸ் கட்டிங் வேலை. உடைத்த கப்பலின் சாமான்களோடு ஒருநாள் லாரியில் ஆரஞ்சு நிறத்தில் சின்ன உயிர்காப்புப் படகு ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. ஃபைபரை கேஸ் கட்டரால் அறுக்க முடியாது, வாங்கவும் ஆள் இல்லை. முதலாளி அப்பாவிடம், எடை போட்டு எடுத்துக்கோ என்றுவிட்டார். எழுநூற்றுப் பத்து கிலோ. அப்பா ஏழு மாதம் ஞாயிறு தவறாமல் அதன் ஓட்டையை அடைத்து, தேய்த்து, வண்ணம் பூசி, பழைய எஞ்சின் ஒன்றை மாட்டினார். மீன் பிடிக்க இல்லை. ஆள் ஏற்றவும் இல்லை. அம்மாவை உட்கார வைத்து ஒரு ரவுண்டு போக வேண்டும், அதற்குத்தான்.

அம்மா ஏறவில்லை.

கரையில் நின்று பார்த்தாள், நல்லா இருக்கு என்றாள், நம்பர் இல்லாத போட்டுல நான் கால் வைக்க மாட்டேன் என்றாள். அவள் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள், தண்ணீருக்குப் பயப்படுகிறவள் அல்ல. வராமல் இருக்க ஒரு சாக்கு சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்பா அதை மறுத்து ஒரு வார்த்தை பேசாததுதான் எனக்கு ஆச்சரியம். கழிமுகத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் மட்டும் விடவில்லை. "இன்னா மாமு, மீனும் புடிக்க மாட்ட, பொண்டாட்டியும் ஏற மாட்டா, அப்பால இன்னாத்துக்கு இந்தக் கப்பலு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

ஆகவே போலீஸ்காரர் கை நீட்டிய அன்று எனக்குக் கிடைத்தது சாதாரண யோசனை இல்லை. அம்மாவின் சாக்கை உடைக்கிற யோசனை.

முதலில் போனது மீன்பிடிப் படகுகளுக்கு எண் கொடுக்கிற அலுவலகத்துக்கு. அங்கிருந்த எழுத்தர் நல்ல மனிதர். "மீன் புடிக்கிற போட்டா?" என்றார். "இல்ல சார், சொம்மா" என்றார் அப்பா. "சும்மான்னா?" "சொம்மா சார். வூட்ல உள்ளவங்கள கூட்டிகினு ஒரு ரவுண்டு." எழுத்தர் எங்கள் இருவரையும் பார்த்தார். சும்மா போகிற படகுக்கு இங்கே விண்ணப்பம் கிடையாது, பேசாமல் மீன்பிடி என்று போட்டுக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்று தாளை நீட்டினார். என் கையெழுத்து குண்டுகுண்டாக நன்றாக இருக்கும். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். பயன்பாடு: மீன்பிடித் தொழில். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கார்மெண்ட்ஸ் கம்பெனியிலிருந்து அம்மா திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தாளை வாங்கிப் படித்தாள்.

"நீ மீனு புடிக்கவா போற?"

"ஒரு பேச்சுக்குப் போட்டதும்மே" என்றார் அப்பா.

"நாளைக்கு நீ திரும்பி வரல, நான் இந்தப் பேப்பர எடுத்துகினு போறேன். எங்க போயி தேடுவான்? மீனு இருக்கிற எடத்துல தேடுவான். நீ அங்கயா இருப்ப?"

தாளை நான்காக மடித்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். எனக்கு அழுகையே வந்தது. எவ்வளவு அழகாக எழுதியிருந்தேன்! நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசுகிறவள் என்று அவள்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அப்பா அந்தத் தாளை அந்த அலுவலகத்துக்குக் கொண்டுபோகவே இல்லை.

விசாரித்து விசாரித்து, துறைமுகத்துப் பக்கம் வேறொரு அலுவலகத்தைக் கண்டுபிடித்தோம். சொந்த உபயோகப் படகுகளுக்கு அங்கேதான் என்றார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மையார் அப்பா நிரப்பிய தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். படகின் அளவு என்ற இடத்தில் அப்பா எழுதியிருந்தது எழுநூற்றுப் பத்து கிலோ.

"எடை கேக்கலைங்க. நீளம், அகலம்."

"மார்க்கெட்டு பழக்கம் மேடம்."

"சரி, இது எங்க கட்டுன படகு? யார் கட்டுனது? பில்லுல 'பழைய ஃபைபர், ஒரு உருப்படி'ன்னு இருக்கே. இது படகுதான்னு எதை வச்சு எழுத? கப்பல் படகுன்னா உள்ளே பித்தளைத் தகடு அடிச்சிருப்பாங்களே. கட்டுனவங்க பேரு, வரிசை எண், எத்தனை பேர் ஏறலாம், எல்லாம் அதுல இருக்கும். அதைக் கொண்டுவாங்க."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. சாத்தாங்காட்டில் எது வந்து இறங்கினாலும் முதல் வேலை தகடுகளைக் கழற்றுவது. பித்தளை தனிச் சாக்கு, செம்பு தனிச் சாக்கு, மிச்சம் அப்புறம். எதிரில் இருப்பது எஞ்சினா ஜன்னலா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள், கை தானாகத் திருப்புளியைத் தேடும். தன் படகின் தகட்டையும் அப்பா அந்தப் பழக்கத்தில் முதல் நாளே கழற்றியிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் இருந்த பழைய சாமான் பையில் போட்டதுவரை அவருக்கு நினைவிருந்தது. அந்தப் பை எடைக்குப் போய் எவ்வளவோ நாளாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "தோ பார், என் கையால நானே புடுங்கிப் போட்டேன். இனிமே அத்துக்கு நம்பர் கெடையாது" என்றார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எழுந்தாள். பீரோவின் கீழ்த்தட்டில், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பைக்கு அடியிலிருந்து, பழைய துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள். துணியை நான்தான் பிரித்தேன். உள்ளங்கை அகலத்தில் பித்தளைத் தகடு. புளி போட்டுத் துலக்கியிருந்தாள், எழுத்துகள் ஒவ்வொன்றும் மின்னின.

"நீ எப்போ எடுத்த?" என்றார் அப்பா.

"நம்பர் போட்ட பொருளு. தூக்கிப் போட மனசு வரல" என்றாள். மறுபடியும் கீரைக்குப் போய்விட்டாள்.

அப்புறம் எல்லாம் நடந்தது, ஆனால் அரசாங்க வேகத்தில். ஓர் அதிகாரி கழிமுகத்துக்கு வந்து சாம்பல் படிந்த சேற்றில் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு டேப் பிடித்து அளந்தார். மிதவைச் சட்டைகளை எண்ணினார். எஞ்சினை ஓட விட்டுப் பார்த்தார். முகத்துவாரத்துக்கு உள்ளே மட்டும்தான் ஓட்டலாம், கடலுக்குள் போகக் கூடாது என்றார். படகுக்கு என்ன பெயர் என்றார். என் பெயர்தான் என்று முன்பே தீர்மானமாகியிருந்தது, நான் ஓர் அடி முன்னால் வந்து நின்றேன். கூட வந்திருந்த அம்மா வேறொரு பெயரைச் சொன்னாள். மாமாவின் பெயர்.

அம்மாவின் தம்பியை நான் புகைப்படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாலை இல்லாமல் மாட்டியிருக்கும். கேட்டால், வெளியூர்ல கீறாரு என்பார்கள். ஒரு பொங்கலுக்குக்கூட வராத ஆளுக்கு என் படகில் பெயரா என்று அன்றும் கோபித்துக்கொண்டேன். அப்பா அதிகாரியைப் பார்த்து, "அத்தயே எழுதிக்கோங்க சார்" என்றார்.

எண் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் போனோம். ஆரஞ்சு உடம்பில் கறுப்பு எழுத்தில் எண், கீழே பெயர். அம்மா நேரே படகுக்கு வரவில்லை. கரையில் டீக்கடை வைத்திருந்த அக்காவிடம் போய் ஒரு சீட்டைக் கொடுத்தாள். எங்கள் மூவர் பெயர், படகின் எண், நிறம், கிளம்புகிற நேரம், போகிற இடம், போகிற காரணம் எல்லாம் அதில் இருந்தன. காரணத்துக்கு நேராக 'சும்மா' என்று எழுதியிருந்தாள்.

"இன்னாம்மா, லண்டனுக்கா போற, லிஸ்ட்டு எழுதிக் குடுக்கிற?" என்றாள் டீக்கடை அக்கா.

"வெச்சிக்கோக்கா. அஞ்சு மணிக்கு நாங்க இங்க நிக்கலன்னா இத்த எடுத்துகினு போலீசுக்குப் போ."

அக்கா சிரிக்க வாயெடுத்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். சீட்டைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் பத்திரமாக வைத்தாள். எனக்கு மானம் போனது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் இப்படியா?

அம்மா வந்து, எண்ணின் மேல் கையை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டு ஏறினாள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைத் தாண்டி, குழாய்ப் பாலத்தைத் தாண்டிப் போனோம். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா படகைத் திருப்பப் போனார். அம்மா வெளியே தெரிந்த கடலையே பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போலாமா?" என்றாள். கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார் அப்பா. எஞ்சினை நிறுத்திவிட்டு அலையில் ஆடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தோம். எனக்குச் சலிப்பாக இருந்தது. ஐந்துக்கு முன்பே கரைக்கு வந்து, அம்மா சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் கல்லூரி உதவித்தொகைக்குச் சான்றிதழ் தேடி பீரோவின் கீழ்த்தட்டைக் கலைத்தேன். ரப்பர் போட்டுக் கட்டிய சீட்டுகள் கிடைத்தன. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள், எல்லாவற்றிலும் 'சும்மா'. அவற்றுக்கு அடியில் பழுப்பேறிய ஒரு மனு, நான் பிறப்பதற்கு முந்தைய வருஷத்தது. குண்டுகுண்டான எழுத்து, அம்மாவுடையது. தம்பியும் தோழர்கள் இரண்டு பேரும், இன்னும் எண் எழுதாத ஒரு புதுப் படகைச் சும்மா ஓட்டிப் பார்க்கப் போனார்கள், மூன்று நாளாகத் திரும்பவில்லை, தேடித் தர வேண்டும். ஓரத்தில் யாரோ சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: படகு எண் இல்லை. அப்படி ஒரு படகு பதிவில் இல்லை.

ஸ்கூட்டரில் உட்கார்ந்து கத்திய நாளில், எண் என்பது படகு போவதற்கு என்றுதான் நினைத்தேன். அது திரும்பி வராத படகைத் தேடுவதற்கு.

திங்கட்கிழமை துறைமுகத்து அலுவலகத்துக்குப் போகிறேன். முகத்துவாரத்தைத் தாண்டி, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரை கடலில் போக அனுமதி கேட்டு விண்ணப்பம். என்னென்ன கேட்பார்களோ, எத்தனை முறை திருப்பி அனுப்புவார்களோ தெரியாது. நீளம், அகலம், தகட்டு எண், எல்லாம் நிரப்பியாகிவிட்டது. எதற்காக என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அம்மா வேலையிலிருந்து வரட்டும், அவளைக் கேட்டு எழுத வேண்டும்.