திருவாதிரையும் என் வாயும்

வானத்தைக் காட்டிப் பிழைக்கிற தொழிலில் கொள்முதல் கிடையாது, சரக்கு கெட்டுப் போகாது, ஆனால் சரக்கில் குறை சொல்ல வருகிறவர்கள் மட்டும் நேரே நம்மிடம்தான் வருவார்கள். ஜவுளிக் கடையிலோ ரேஷன் கடையிலோ டிக்கெட் கவுண்டரிலோ நின்று நாலு பேரிடம் பேச்சு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கிரிவலப் பாதைப் பக்கம் வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும்போது விட்டுப் போகும் மிக்சி, சைக்கிள், மெத்தை எல்லாவற்றையும் அடித்துப் பேசி வாங்கி விற்பது என் பழைய பிழைப்பு. அப்படி ஒரு வீட்டில் மெத்தையோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் இந்த டெலஸ்கோப். ஆறு மாதம் விற்கப் பார்த்தேன். ஒருவரும் சீந்தவில்லை. போங்கடா என்று நானே அதைக் கிரிவலப் பாதையில் நிறுத்தி ஆளுக்கு இருபது ரூபாய் என்று கூவ ஆரம்பித்தேன்.

இதில் ஒரு சிக்கல். ஜனம் வருவது பௌர்ணமிக்கு. நட்சத்திரம் நன்றாகத் தெரிவது அமாவாசைக்கு. யோசித்து யோசித்து, மலைக்கு மேற்கே, அடி அண்ணாமலை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடம் பிடித்தேன். கிழக்கே கிளம்பும் நிலா மலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அங்கே இருட்டிய பிறகும் முக்கால் மணி நேரம் வெளியே வராது. அதுதான் என் கடை நேரம். அதற்குள் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் காட்டியாக வேண்டும் என்பதால் பேச்சில் காரம் ஏறிவிடும். அந்தக் காரத்தில் ஒரு மாசி மாதம், முகம் தெரியாத ஒரு மனிதரின் நெஞ்சு ஆபரேஷனையே என் வாயால் நிறுத்திவிட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில் மற்ற சிலரைச் சொல்லிவிட்டால் நான் எப்படிப்பட்ட கூட்டத்தில் நிற்கிறேன் என்பது தெரியும்.

மூடிய கண்

ஒரு பெரியவர் குழாயில் கண்ணை வைத்தார், கையைக் குவித்தார், அப்படியே நின்றுவிட்டார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. எட்டிப் பார்த்தால் மனிதர் இரண்டு கண்களையும் இறுக்கி மூடியிருக்கிறார். உதடு மட்டும் அசைகிறது.

"ஐயா, இது சந்நிதி இல்லைங்க, டெலஸ்கோப்! கண்ணைத் தொறங்க!" என்று கத்தினேன். அவர் பதறவே இல்லை. குவித்த கையைப் பிரிக்காமல் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "தொறந்தா மனசு நிக்க மாட்டேங்குதும்மா."

இருபது ரூபாய்ப் புள்ளி

இன்னொருவர் வந்தார், வேங்கிக்காலில் ஏதோ ஆபீசில் வேலையாம். ரோகிணி அவருடைய ஜென்ம நட்சத்திரம். நம் ஜனங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு நட்சத்திரம் உண்டே, அதனால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது "என்னோடதைக் காட்டுங்க" என்றுதான். காட்டினேன். பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, வெறும் புள்ளி. புள்ளிக்கு இருபதா? பத்து வாங்கிக்குங்க" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அது நம்ம சூரியனைவிட நாப்பது மடங்கு அகலம் சார். வயசாகி ஊதிப் போய்ச் சிவந்து நிக்குது. தூரத்துல இருக்கறதால உங்களுக்குப் புள்ளி. நம்ம சூரியனை அங்கேர்ந்து பார்த்தா அந்தப் புள்ளிகூடக் கெடைக்காது!" என்று பொரிந்து தள்ளினேன். அவர் முழு இருபதையும் எடுத்து நீட்டினார். "அப்ப அங்க இருக்கறவன் நம்மளப் பார்த்துட்டு அஞ்சு ரூபாகூடத் தர மாட்டான்."

புகை

மிருகசீரிடத்துக்குக் கீழே, மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதற்கும் கீழே லேசாகப் புகை மூட்டம் போல ஒன்று உண்டு. அங்கேதான் நட்சத்திரம் பிறக்கிறது. தூசியும் வாயுவும் தன் எடையைத் தானே தாங்காமல் ஒன்றாகச் சேரும், சேரச் சேர இறுகும், இறுக இறுக நடுவில் சூடேறும், ஒருநாள் உள்ளே பற்றிக்கொள்ளும். அதற்கப்புறம் அது நட்சத்திரம்.

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதற்கு நான் ஸ்டூலைக்கூடப் போட்டேன், எல்லோருக்கும் போடுவதில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். "உள்ள பத்திக்கறதுக்கு எவ்ளோ நாள் ஆவும்க்கா?" என்று கேட்டாள். "லட்சக்கணக்கான வருஷம்மா" என்றேன். வயிற்றைத் தடவிக்கொண்டே ஸ்டூலை விட்டு எழுந்தாள். "பாவம்க்கா. எனக்குப் பத்து மாசமே மூச்சு வாங்குது."

பாயின் அறிவுரை

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது கரீம் பாய். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பிஎஸ்சி பிசிக்ஸ் படித்துவிட்டு அப்பா கடையில் உட்கார்ந்தவர். டெலஸ்கோப் கண்ணாடியைத் துடைக்கக் கொண்டுபோன என்னிடம் அரை மணி நேரம் பிசிக்ஸ் பேசினார். முப்பது வருஷமாக யாரிடமும் பேசாததை மொத்தமாகப் பேசுகிற மாதிரி இருந்தது.

சின்ன நட்சத்திரம் மெதுவாக எரிந்து பல்லாயிரம் கோடி வருஷம்கூட இருக்குமாம். பெரிசுக்குத்தான் ஆயுசு குறைச்சலாம். ஏன் பாய் என்றேன், பெரிசிடம்தானே எரிக்க நிறைய இருக்கிறது? அன்று காலையில்தான் அவர் கடை வாசலில் ஆட்டோக்காரரோடு நான் போட்ட சண்டையை அவர் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறார். லென்சை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சரக்கு ஜாஸ்திதான், ஆனா அது எரிக்கற வேகம் அதைவிட ஜாஸ்தி. நீயும் கொஞ்சம் கம்மி பண்ணிக்க தங்கச்சி."

"அதோட கதை முடிஞ்சுது"

இப்போது அந்த மாசிப் பௌர்ணமி. வரிசை நீளம். இரண்டு பேர் செல்ஃபி எடுக்கிறேன் என்று டெலஸ்கோப் காலை இடித்து அது திசை மாறிவிட்டது. திட்டிக்கொண்டே மறுபடி திருப்பி வைக்கிறேன். மலை உச்சிக்குப் பின்னால் வெளுப்புத் தட்டுகிறது. இன்னும் பத்தே நிமிஷத்தில் நிலா வந்து கடையைச் சாத்திவிடும். அந்த நேரத்தில் நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒரு பெண் வந்து நின்றாள். வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி. "எங்க வூட்டுக்காரர் நட்சத்திரத்தைக் காட்டுங்கக்கா. திருவாதிரை" என்றாள்.

காட்டினேன். "ஏன் இவ்ளோ செவப்பா இருக்குது?" என்றாள். நிதானமாகச் சொல்லியிருக்கலாம். நான் மலையைப் பார்த்துக்கொண்டே, "அதோட கதை முடிஞ்சுதும்மா. உள்ள எரியறது தீர்ந்து போச்சு. இன்னிக்கோ நாளைக்கோ வெடிச்சிடும். வெடிச்சே போயிருந்தாலும் நமக்குத் தெரியாது. அடுத்த ஆள் வாங்க!" என்றேன்.

அவள் நகரவில்லை. மடியிலிருந்து போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள். "தம்பி, கையெழுத்துப் போட்டுட்டியா? போடாத. வியாழக்கிழமை வேணாம். உங்க அண்ணன் நெஞ்சுல இப்ப கத்தி வைக்க வேணாம். டாக்டர் திட்டினா திட்டட்டும். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்." பேசி முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல வேளைக்கா, நீங்க சொன்னீங்க."

திரும்பாத கால்

எனக்கு விஷயம் மண்டையில் ஏறுவதற்குள் அவள் கூட்டத்தில் கலந்துவிட்டாள். "யம்மா! திரும்பி வாம்மா!" என்று கூவினேன். தூரத்தில் அவள் கை மட்டும் மேலே எழுந்து இல்லை என்று ஆடியது. கிரிவலம் போகிறவர்கள் வைத்த அடியைத் திருப்பி வைப்பதில்லை. பின்னால் வர வேண்டுமென்றால் மலையை முழுசாகச் சுற்றித்தான் வர வேண்டும். அதற்குள் அந்தத் தம்பி ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுவான்.

டெலஸ்கோப்பைப் பக்கத்து டீக்கடை அம்மாவிடம் ஒப்படைத்தேன். அவள், "கடை நேரத்துல எங்கடி ஓடற?" என்றாள். ஓடத் தொடங்கினேன். இத்தனை வருஷமாக அந்தப் பாதையில் நின்றே பிழைத்தவள், ஒருநாளும் நடந்தவள் இல்லை. இடித்தேன், இடி வாங்கினேன், ஒருவர் காலை மிதித்து அவரையே திட்டினேன். அடி அண்ணாமலையில் கோயிலுக்கு எதிரே தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றவளைப் பிடித்துவிட்டேன்.

மூச்சு வாங்கியபடியே, "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன். "தள்ளிப் போட்டா தாங்காதுன்னாரு" என்றாள். பேர் சாந்தியாம், கீழ்பென்னாத்தூரில் கொஞ்சம் நிலம், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுகிறார்களாம். நான் சொன்னது தப்பு, அந்த நட்சத்திரத்துக்கு இன்னிக்கு நாளைக்கு என்றால் ஒரு லட்சம் வருஷம் என்று அர்த்தம் என்றேன். சாந்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் பொய் சொல்லி நாலு காசு சம்பாதித்த நாளெல்லாம் என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ. "யாவாரம் பண்றவங்க நீங்க. அங்க ஒண்ணு சொல்வீங்க, இங்க ஒண்ணு சொல்வீங்க."

ஸ்பீக்கரில் பாய்

என் வார்த்தை செல்லாது என்று தெரிந்துவிட்டது. கரீம் பாய்க்குப் போன் போட்டு, நடந்ததைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் முதலில் என்னைத் திட்டினார். அதைச் சாந்தி கேட்டது நல்லதுக்குத்தான். அப்புறம் அவளிடம் பேசினார். "அம்மா, அந்த நட்சத்திரத்துல ஒரு வெறகு தீர்ந்துபோனது நெசந்தான். தீர்ந்ததும் அது அணைஞ்சு போவல. அடுத்த வெறகை எடுத்து எரிச்சிட்டிருக்குது. அதனாலதான் அத்தாம் பெருசா ஊதி, செவந்து நிக்குது. நம்ம ஊர்ல அதுக்குத் திருவாதிரைன்னு பேர் வச்சவங்க போய் எத்தனையோ தலைமுறை ஆயிடுச்சு. அது இன்னும் நிக்குது. உங்க பேரனுக்குப் பேரனும் பார்ப்பான்."

"ஒருநாள் வெடிக்குமில்ல?" என்றாள் சாந்தி. பாய் இல்லை என்று சொல்லிவிடுவார், சொல்லித் தொலையட்டும் என்று நான் வேண்டிக்கொண்டு நிற்கிறேன். அவர், "வெடிக்கும்மா" என்றார். "அப்பிடி வெடிச்ச நட்சத்திரத்துத் தூசியிலேர்ந்துதான் பூமிக்கு இரும்பு வந்துது. உங்க ரத்தத்துல, உங்க வூட்டுக்காரர் ரத்தத்துல ஓடறதுலயும் அது இருக்குது."

சாந்தி தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அந்த உண்மையைச் சொன்னதால்தான் அவள் பாயை நம்பினாள் என்று பின்னால் எனக்குத் தோன்றியது. நான் என் வித்தையைக் காட்டினேன். வாழ்நாள் பூராவும் பேரம் பேசியவள் ஆயிற்றே. "சாந்தி, ஒரு லட்சம் வருஷத்துல எத்தனை வியாழக்கிழமை வரும்? அத்தனையும் விட்டுட்டு இந்த ஒரு வியாழக்கிழமையை ஏன் புடிச்சுக்கற? டாக்டர் குடுத்திருக்கறது அந்த ஒண்ணுதான். அதை உங்க வூட்டுக்காரருக்கு விட்டுக் குடு" என்றேன். பாட்டிலை மூடினாள். போனைக் கையில் எடுத்தாள், எடுத்து என்னிடம் நீட்டினாள். மலைக்கு மேலே நிலா முழுசாக வந்துவிட்டது. "கடைசியா தம்பிகிட்ட பேசினதுதான். நீங்களே நம்பரைப் போட்டுக் குடுங்கக்கா."

மீதி தூரம்

தம்பி எடுத்துவிட்டான். இன்னும் யாரிடமும் சொல்லவில்லையாம், அண்ணி கோபத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தானாம். அவன் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு. "கையெழுத்தைப் போட்டுடு தம்பி" என்றாள் சாந்தி. சொல்லிவிட்டு அங்கேயே நடுரோட்டில் உட்கார்ந்து அழுதாள். போகிறவர்கள் சாமி வந்துவிட்டது என்று நினைத்து விலகிப் போனார்கள்.

நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். டெலஸ்கோப் டீக்கடையில் கிடக்கிறது. ஆனால் அவளைத் தனியாக விட மனசு வரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே நடந்தேன். மீதித் தூரம் முழுக்க அவள் புருஷனைப் பற்றியே பேசினாள். மனிதர் சண்டை போட்டால் மூன்று நாள் பேச மாட்டாராம், நாலாம் நாள் மல்லாட்டையை வேகவைத்து உரித்துத் தட்டில் வைத்துவிட்டுப் போவாராம். கோபுரம் தெரிந்ததும் நின்று என் நம்பரை வாங்கிக்கொண்டாள், அவள் நம்பரையும் கொடுத்தாள். என் காலைப் பார்த்தாள். இரண்டு பாதமும் கொப்புளித்திருந்தன. "உங்களுக்குப் பழக்கமே இல்லைல்லக்கா?"

வெள்ளிக்கிழமை

வியாழன் பூராவும் போன் வரவில்லை. நானாகக் கூப்பிடப் பயம். எந்த வாடிக்கையாளருக்கும் பயந்தவள் இல்லை நான். பாய் கடைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். அவர் இரண்டு டீ சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் சாந்தி நம்பரிலிருந்து போன். எடுத்தால் சாந்தி இல்லை. ஆண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஒரு மூச்சு. பின்னால் சாந்தி, "பேசாதய்யா, பேசக் கூடாதுன்னாங்க" என்று அதட்டுவது கேட்கிறது. மனிதர் கேட்கவில்லை. "நான் வெடிச்சிடுவேன்னு சொன்னது நீங்கதானாங்க?"

இப்போதெல்லாம் திருவாதிரைக்காரர்கள் யார் வந்து நின்றாலும், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் குழாயைத் திருப்புகிறேன், அதற்குள் நிலா வந்து கடையைச் சாத்தினாலும் சாத்திக்கொண்டு போகட்டும்.