கதவைச் சாத்திக் கரி மூட்டுவது

வடக்குப்பட்டில் அஞ்சலை அக்காவின் ஒற்றை அறை வீட்டில், என் ஆராய்ச்சிக்காகப் புகை அளக்கும் கருவியை மாட்டினேன். இஸ்திரிப் பெட்டிக்காக அக்கா கரியை மூட்டினார். முதல் புகை மூக்கில் ஏறியதுமே எனக்கு அம்மாவின் நினைவு வந்தது.

படப்பையில் எங்கள் வீடும் இதே அளவுதான். அம்மா கம்பெனிக்காரர்களின் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போடுவாள். வாசல் கொடியில் காயும் சட்டையில் புகை நாற்றம் ஏறினால் வாடிக்கை போய்விடும். அதனால் கரி மூட்டும்போது என்னை வெளியே தள்ளிவிட்டு, கதவையும் ஜன்னலையும் உள்ளிருந்து சாத்திக்கொள்வாள். அவள் இருமுவதைக் கேட்டபடி நான் வாசலில் நிற்பேன். இருமல் நின்றால்தான் பயம் வரும்.

"எம்மா, கீறியா?"

"கீறேன்டி. இன்னாத்துக்குக் கத்துற?"

அம்மாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று டாக்டர் அப்பாவிடம், "இவங்களுக்குப் பீடிப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அஞ்சலை அக்கா கொடியில் தொங்கும் சட்டைகளைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

"நீ வெளிய நில்லும்மா. உன் துணில்லாம் நாறிடும்."

கதவு மூடியது. வழக்கமாக நடப்பதை அளக்கலாம், மாற்றக் கூடாது என்பது எங்கள் ஆய்வின் விதி. உள்ளே இருமல் தொடங்கியது. வாசலிலேயே நின்றேன். சட்டென்று இருமல் நின்றது.

"அக்கா!"

கதவைத் தள்ளித் திறந்தேன். புகை என்னைத் தாண்டிக் கொடிக்குப் போனது.

கண்ணீர் வழிய, மூச்சு வாங்கிக்கொண்டே அக்கா கத்தினார்: "ஐயோ, சட்டைங்க!"