மூன்று சைட்டும் ஒரு ஊதா முத்திரையும்

நெட்டில் மூன்றாவது சைட்டும் அதையேதான் சொல்கிறது என்று பார்த்த பிறகுதான் ஜஹானாரா மேசை இழுப்பறையைத் திறப்பாள். உள்ளே ஊதா மை டப்பாவும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் இருக்கும். ‘சரிபார்த்தது’. தாம்பரம் மார்க்கெட்டில் சொல்லிச் செய்தது. சேலையூர் கேம்ப் ரோட்டில் அவளுடைய பிரவுசிங் சென்டரில் எடுத்த பிராஜெக்ட் என்றால் கடைசிப் பக்கத்தில் அது விழுந்திருக்க வேண்டும்.

ஆறு கம்ப்யூட்டரில் ஐந்து சாட்டிங் கூட்டத்துக்கும், மகளுக்கு வரன் தேடித் தினமும் வந்து உட்காரும் துளசிங்கம் சாருக்கும். ஆறாவது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு.

“ஒருத்தன் சொன்னா வதந்தி. ரெண்டு பேர் சொன்னாலும் டவுட்டுதான். மூணு பேர் சொன்னாத்தான் பிரிண்ட்டு” என்பாள். கேஸ் சிலிண்டர் என்றைக்கு வரும் என்பதைக்கூட மூன்று வீட்டில் விசாரிப்பவள். இரும்புலியூரில் டயர் கடை வைத்திருக்கும் அவள் கணவன் காஜா ஒருமுறை, “என்னைப் பத்தி மூணு பேர்கிட்ட கேட்டியா?” என்று சீண்டினான். “ரெண்டு பேர்கிட்டதான் கேட்டேன். அதான் இப்படி மாட்டிக்கினேன்.”

அன்று சாயங்காலம் ஒன்பதாம் வகுப்பு ஸ்ம்ருதி வந்தாள். காலனிக்குப் பின்னாலிருக்கும் ஏரியைப் பற்றிய பிராஜெக்ட். மறுநாள் கண்காட்சியில் நடுவர்கள் முன் நிற்க வேண்டும். “போன வருஷம் தப்பா சொன்ன டீமை அப்பவே வெளிய அனுப்பிட்டாங்கக்கா. கரெக்டா இருக்கணும்.”

ஏரிக்கு எத்தனை மதகு? முதல் சைட் நான்கு என்றது. இரண்டாவதும் நான்கு. இரண்டின் அடியிலும் ஒரே பக்கத்தின் முகவரி இருந்தது. அதைத் திறந்தாள். அங்கேயும் நான்கு. ஜஹானாரா ஸ்டாம்பை மையில் ஒற்றினாள். ஒற்றியபடியே நின்றாள்.

அந்தப் பக்கத்தின் தலைப்புக்கு இருபுறமும் ரோஜாப்பூ படம். ஏரிக்கு யார் ரோஜாப்பூ வைப்பார்கள்? டைப் அடிக்கும் தலைப்புக்கெல்லாம் ரோஜா வைக்கிற அவளைத் தவிர?

கீழே பெயர் இருந்தது: வாஜித், ஒன்பது ‘பி’. இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைநாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. பையன் நோட்டு நனைந்து, மதகு என்ற சொல்லுக்கு முன்னாலிருந்த எண் கரைந்து போயிருந்தது. “நாலுன்னு அடிங்கக்கா, யாரு எண்ணிப் பாக்கப் போறாங்க?” அவளும் அடித்தாள். ஸ்டாம்பும் குத்தினாள். அதைத்தான் பையன் நெட்டில் ஏற்றியிருக்கிறான். அதைப் பார்த்துத்தான் மற்ற இரண்டும் எழுதியிருக்கின்றன.

“இது நான் டைப் அடிச்சதும்மா.”

“அப்போ கரெக்ட்டுதானேக்கா? நீங்களே அடிச்சிருக்கீங்க.”

ஜஹானாரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். நான்கு நான்காகவே இருந்தது. “நான்தான் தப்பா அடிச்சேன்னும் சொல்ல முடியல. நாலாவே இருந்துட்டா? ஆனா மூணு பேர் சொல்றாங்கன்னு பாத்தா, மூணும் நானா இருக்கேனே! இன்னா பேஜார் இது?”

“பஸ்ல தெனமும் அந்தக் கரை மேலதானே வரீங்க? பாத்ததில்லையா?”

“ஜன்னல் சீட்டுலதான் வரேன். ஒரு நாள்கூட எண்ணினதில்லையே.”

இதுவரை எத்தனை பிராஜெக்ட்டுக்குக் குத்தியிருப்பாள்? அவற்றில் எத்தனைக்கு ஊற்று இதே மேசை? ஸ்டாம்பிலிருந்த மையைப் பழைய பிரிண்ட்டின் பின்பக்கத்தில் துடைத்தாள். போகவில்லை, பெருவிரலெல்லாம் ஊதாவானது. அதோடு எழுந்து ஷட்டர் சாவியை எடுத்தாள். “வா, போய் எண்ணிப் பாத்துரலாம்.”

“ஏரிக்கா? நேர்ல போயா?” ஸ்ம்ருதி பையை மாட்டிக்கொண்டு சிரித்தாள். “ஆனா நாம ரெண்டு பேர்தானேக்கா இருக்கோம்!”

ஜஹானாரா, மாப்பிள்ளைப் படம் ஒன்றில் மூழ்கியிருந்த துளசிங்கம் சாரிடம் போய், மானிட்டரை அணைத்துவிட்டு, அவர் குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.