பாடியவர்: ஸ்ரீமதி

மணிகண்டராஜ் அண்ணாச்சி பணி ஓய்வு பெறுகிறார், விழா மலருக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடு என்று கம்பெனியில் சொன்னார்கள். இதை அவர்கள் போட மாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அண்ணாச்சி விருதுநகர்க்காரர். சிவகாசியில் எங்கள் முதலாளியின் அச்சகத்துக்குக் கேசட் அட்டை ஆர்டர் பிடிக்கிற வேலையில் சேர்ந்தார். அடுத்தவன் பாட்டுக்கு எத்தனை நாள் அட்டை அடிப்பது, நாமே பாட்டுப் போடுவோம் என்று முதலாளியைக் கிளப்பிவிட்டவர் அவர்தான். சாமிப் பாட்டு, கும்மி, ஒப்பாரி. யாரைப் பாட வைப்பது, எந்தப் பாட்டை எந்த மாதம் வெளியிடுவது, உரிமைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது, எல்லாம் அவர் பொறுப்பு. கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் யூடியூப் வந்தது. கூட இருந்த கம்பெனிகள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனபோதும் அவர் தாக்குப்பிடித்தார். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். நான் பிரபாகரன், அங்கே அட்டை டிசைன் செய்கிறவன்.

2001-ல் ஒரு நாள் தாயில்பட்டியிலிருந்து மாரித்தாய் அக்காவைக் கூட்டி வந்தார். அக்காவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஏதோ ஒரு சாவு வீட்டில் அவர் பாடியதை அண்ணாச்சி கேட்டிருக்கிறார். தாயைப் பறிகொடுத்த மகள் அழுகிற ஒப்பாரி அது. ரெக்கார்டிங் அறையில் அக்கா பாடி முடித்ததும் மெஷினை நிறுத்த ஒருவருக்கும் கை வரவில்லை. அக்காதான் முதலில் பேசினார்.

"அண்ணாச்சி, எம்பேரை மட்டும் போட்டுராதீக. வீட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் இருக்கையில சும்மா ஒக்காந்து ஒப்பாரி பாடுனான்னு தெரிஞ்சா, ஊரு என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிரும்."

நியாயமான பயம். அண்ணாச்சி அரை நிமிடத்தில் 'ஸ்ரீமதி' என்று ஒரு பெயர் வைத்தார். நான் பழைய காலண்டர் படம் ஒன்றிலிருந்து சிவப்பான ஒரு பெண்ணை வெட்டி அட்டையில் ஒட்டினேன். பாட்டுக்கு முன்னால் வருகிற அறிவிப்பை அண்ணாச்சியே பேசினார். "பாடியவர், ஸ்ரீமதி." நல்ல கனத்த குரல் அவருக்கு.

கேசட் பிய்த்துக்கொண்டு போனது. இந்தப் பக்கம் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் மைக் செட்காரர் முதலில் போடுவது அதைத்தான். பிறகு வேறு நாலு பெண்கள் பாடியதற்கும் அதே பெயரைப் போட்டோம். தெருவில் தன் பாட்டு கேட்கும்போதெல்லாம் அக்கா தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போகிற வேனில் ஏறிவிடுவாராம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்காரர் சீனிச்சாமி காய்ச்சலில் இறந்தார். காரியம் முடிந்த கையோடு, மகள் ரோஜாவைக் கூட்டிக்கொண்டு அக்கா ஆபீசுக்கு வந்தார்.

"இனிமே யாருக்கு அண்ணாச்சி பயப்படணும்? எம்பேரைப் போட்டுருங்க. அது எங்கொரலுன்னு சொன்னா தெருவுல ஒருத்தியும் நம்ப மாட்டேங்குறா."

"போட்டுருவோம் தாயி. இந்த சீசன் முடியட்டும், மொதலாளிகிட்டச் சொல்றேன்."

தீபாவளி முடிந்ததும் வந்தார். அடுத்த தீபாவளிக்கும் வந்தார். அதற்கடுத்த தீபாவளிக்கும். "சொல்லியிருக்கேன் தாயி" என்றார் அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் அக்கா கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இந்த வருடம் ஆனி மாதம் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்தது. சத்தம் கேட்டதும் எந்தத் திசையில் புகை என்று மாடியேறிப் பார்ப்பதும், பிறகு ஒவ்வொருவருக்காகப் போன் அடிப்பதும் எங்கள் ஊரில் பழகிப்போனது. பழகிப்போனது என்று எழுதவே அசிங்கமாக இருக்கிறது. ஏழு பேர் இறந்தார்கள். ஏழு பேரில் மாரித்தாய் அக்காவும் ஒருவர்.

மறுநாள் காலை அண்ணாச்சியை பைக்கில் ஏற்றிக்கொண்டு தாயில்பட்டிக்குப் போனேன். பாதி வழியில் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

"ஏலே பிரபாகரா, நான் மொதலாளிகிட்டக் கேக்கவே இல்லலே."

"என்ன அண்ணாச்சி சொல்றீக?"

"ஒரு பேரை மாத்துனா மத்த நாலு பேரும் வந்து நிப்பாளுக. எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்."

அங்கேயே அவரை இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாமா என்றிருந்தது. இறக்கிவிடவில்லை. அந்தப் படத்தை வெட்டி ஒட்டியது என் கை.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை வெள்ளைத் துணியில் தலையோடு காலாகச் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லை. வேப்பமரத்தில் கட்டிய குழாயில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் பாட்டு. தாயைப் பறிகொடுத்த மகளுக்காக அக்கா அழுதுகொண்டிருந்தார். கூடியிருந்தவர்களில் ஒருவரும் அது அக்காவின் குரல் என்று நம்பியதில்லை. ரோஜா மட்டும் குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அண்ணாச்சியைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"மொகத்தைத்தான் காட்ட மாட்டேன்னுட்டாக. கொரலு எங்கம்மாதுன்னாச்சும் சொல்லுங்க சார். மைக்கு அந்தா இருக்கு."

மைக் செட்காரர் பாட்டை நிறுத்தினார். அண்ணாச்சி மைக்கை வாங்கினார். "இம்புட்டு நேரம் பாடுனது இந்தா கிடக்குற மாரித்தாய்தான். இருபது வருசத்துக்கு மேல வேற பேரு சொல்லி வித்தது நான்தான்" என்றார். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் எனக்கும் தாங்கவில்லை.

மைக் செட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அக்கா பாட்டையே மறுபடி போடுறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து போட்டார். குழாயில் கனத்த குரல் ஒன்று, தடுமாற்றமே இல்லாமல் சொன்னது: "பாடியவர், ஸ்ரீமதி."

மைக் இன்னும் அண்ணாச்சி கையில்தான் இருந்தது. ரோஜா அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நீங்க ஒருக்காத்தான் சொன்னீக சார். அது எல்லாச் சாவு வீட்டுலயும் சொல்லும்."