பளீலும் ஹவுழ் மீன்களும்

பளீல் மௌத்தாகிவிட்டார் என்ற மரணச் செய்தி தொலைபேசியில் வந்தபோது, கல்முனையில் சம்மாந்துறை பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பஸ்ஸை விட்டுவிட்டு மருதமுனைக்கு முச்சக்கரவண்டி பிடித்தேன். வழியில் அழவில்லை, அழுதிருந்தால் அவரே சிரித்திருப்பார்.

இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், அவரோடு பழகிய உங்களில் பலருக்கு அவருடைய வேலை என்னவென்று தெரியாது. வயலுக்கு அடிக்கும் மருந்து எந்த உயிரை எவ்வளவில் கொல்லும் என்று சோதித்து, முடிவுகளை மீன், இறால், நத்தை, தவளை எனத் திரட்டி, கணினிக்குரிய தரவுப் பொதியாக்கினார். மென்பொருள் அதை வாசித்து, பெரும்பாலான உயிர்கள் பிழைக்கக்கூடிய நஞ்சின் எல்லையைக் கணித்துத் தரும். "வெளிநாட்டுப் பொதியில குளிர்நாட்டு மீன்தான் கிடக்கு, டீச்சர். நம்மட வாய்க்கால் மீனுக்காக ஆரு கதைக்கிற?" என்பார். விலங்கியல் படிப்பித்தவள் என்பதால் இனங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. அவருடைய மின்னஞ்சல்களில் முற்றுப்புள்ளியே இராது. அதையும் சகித்தேன்.

வாய்க்காலில் கெண்டை பிடிப்பது சிரமம். ஆகவே வீட்டருகிலுள்ள பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் ஹவுழ் தொட்டியிலிருந்து, நிர்வாகிகளிடம் கேட்டு அதே இன மீன் எடுத்துச் சோதித்தார். பொதி வெளியானது. அதை நம்பி எழுதிய மருந்து ஆலோசனைப் பிரசுரம் அச்சுக்குப் போகவிருந்த கிழமை, அஸர் தொழுகை முடிந்த கையோடு என் வீட்டுக்கு வந்து நின்றார்.

"வுழூச் செய்யக்குள்ள கையில பிளீச்சிங் மணக்குது, டீச்சர். ஹவுழைக் கழுவ அதத்தான் போடுறாங்க. ஏலாத மீனெல்லாம் முன்னமே செத்திரிக்கும். நான் சோதிச்சது தப்பின வீரன்கள மட்டும்!"

"அஞ்சு நேரமும் பள்ளிக்குப் போறீங்க. இப்பதானா மூக்கு வேலை செய்யுது?"

"ஓம், முன்னமும் மணந்திரிக்கும். மீனோட சேத்து யோசிக்கல்ல."

அதனால் நஞ்சின் எல்லை தளர்வாகக் கணிக்கப்பட்டிருந்தது. பிரசுரம் வந்தால் விவசாயிகள் அதன்படி மருந்தடிப்பார்கள். வாய்க்கால் மீன் மிதக்கும். பிரசுரத்துக்குப் பொறுப்பான அதிகாரியை என் வீட்டிலிருந்தே அழைத்தார்.

"ஒரு மீன்தானே, சேர்! ஆருக்குத் தெரியப் போகுது?" அதிகாரியின் குரல் எனக்கும் கேட்டது.

"எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும்."

அன்றே பொதியை மீளப்பெற்று, காரணத்தைத் தன் பெயரிட்டு எழுதினார். பல வருட உழைப்பு. சக விஞ்ஞானிகள் சிலர் 'ஹவுழ் மீன் சேர்' என்று பட்டம் வைத்தார்கள். அவர் வாய்க்காலில் இறங்கி மீன் பிடித்துச் சோதனையை மீண்டும் தொடங்கினார். எல்லை கீழிறங்கியது. பிரசுரம் ஒரு போகம் பிந்தி வந்தது.

ஜனாஸா வீட்டில் ஒருவர், "பிழையே விடாத மனிசன்" என்றார். அங்கே வைத்துத் திருத்துவது பண்பல்ல. இங்கே திருத்துகிறேன். பளீல் பிழை விட்டார். எவரும் கண்டுபிடிக்குமுன் தாமே சொன்னார். மற்றவர்கள் அவருடைய புகழை வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தப் பிழை போதும்.