மூன்றாம் எண் பாட்டில்

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாட்டிக்கொள்ளும் சாம்பல் நிற உறை ஒன்று என் சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது. தகடு கையைக் கிழிக்காமல் இருக்க ஆலையில் கொடுப்பது. அதன்மேல் வெள்ளைப் பெயிண்டால் 3 என்று எழுதியிருக்கிறேன். எங்கள் சூப்பர்வைசரின் பிறந்தநாளன்று ஒரு ஒயின் பாட்டிலின் லேபிளை மறைக்க அதை மாட்டினேன்.

ஓசூரில் அந்த ஆலையின் முலாம் பூசும் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர், நான் தரப் பரிசோதனையில் இருந்தேன். அவர் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கிறிஸ்துமஸ் ஒயினுக்காக அக்கா இரண்டு மாதம் முன்பே கருப்புத் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் ஒரு பிடி கோதுமையும் போட்டுப் பீங்கான் ஜாடியைக் கட்டி வைத்துவிடுவார். கடைசிக் கிறிஸ்துமஸில் எனக்கும் தன் கையால் லேபிள் எழுதி ஒட்டி ஒரு பாட்டில் கொடுத்தார். அடுத்த தவக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். வீட்டில் மிச்சமிருந்ததைத் துக்கத்துக்கு வந்த உறவினர்கள் ஆளுக்கொன்றாய்க் கொண்டுபோய்விட்டார்கள். ஆக, அக்கா கையால் போட்டதில் மிஞ்சியது என்னிடம் இருந்த ஒன்றுதான்.

சூப்பர்வைசருக்கு ஐம்பத்தெட்டு முடிந்து ஓய்வு பெறும் மாதம் அது. பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்ததால், கோயில் முடிந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்தோம். அவரும், ஆலையில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனும், நானும், என் கணவரும். கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய் நான்கு ஒயின் வாங்கி வந்தேன். ஐந்தாவதாக அக்காவின் பாட்டிலைச் சேர்த்து எல்லாவற்றுக்கும் உறை மாட்டிக் கலந்து எண் போட்டேன்; அக்காவுடையதுக்கு 3. எது எதுவென்று தெரியாமல் குடித்துப் பார்த்து மார்க் போடும் விளையாட்டு. யோசனை சூப்பர்வைசருடையதுதான். எந்தக் கம்பெனி சரக்கு என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்துத்தான் பொருளைச் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவில் அவர் கொண்டுவந்த வழக்கம். “பேரு தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்மா” என்பார். முதல் வாயிலேயே அக்காவைக் கண்டுபிடித்துவிடுவார், அழுதாலும் அழுவார் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விளையாட்டுக்கு அவர் ஒரு விதியும் சேர்த்தார். பிறந்தநாள்காரர் கழித்த பாட்டில் ரிஜெக்ட், உறையைக்கூடக் கழற்றாமல் கொட்டிவிட வேண்டும். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

மூன்றாவதை ஊற்றினேன். கிராம்பு வாசம் மேசை முழுக்க எழுந்தது. ஸ்டோர்ஸ் அண்ணன், “இது நம்ம வீட்டுப் பக்குவம் மாதிரி இருக்குதே” என்று பத்துக்கு எட்டு போட்டார். சூப்பர்வைசர் ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார், தாளில் ஒன்று என்று எழுதினார். “வெறும் புளிப்பு. லாட் ரிஜெக்ட்” என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். பிறகு பாட்டிலை அவரே தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தார். முக்கால் பாட்டில். நான் பக்கத்தில்தான் நின்றேன். கையை நீட்டியிருந்தால் பிடித்திருக்கலாம். அது யாருடையது என்று சொன்னால் அவர் முகம் என்னவாகும் என்று ஒரு நொடி யோசித்தேன், அதற்குள் தீர்ந்துவிட்டது. குழாயைத் திறந்து தொட்டியைக் கழுவிவிட்டேன். வருத்தமோ பயமோ எதுவும் வரவில்லை. பாயசத்துக்குக் கிண்ணம் எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் தயங்கினார். “அக்கா உங்கிட்ட ஒரு பாட்டிலு குடுத்தாளேம்மா, இருக்குதா?”

“இல்லீங்க சார். அப்பவே குடிச்சிட்டோம்.”

“பரவால்ல, குடிக்கத்தானே குடுத்தா. ஆசிட் தொட்டிகிட்ட நின்னு நின்னு எனக்கு மூக்கே போயிருச்சும்மா. வருசக்கணக்காச்சு, அவகிட்டகூடச் சொல்லல. எத வாயில வெச்சாலும் புளிப்பு, இனிப்பு, அவ்ளோதான். ஆனா அவ போட்டதுன்னு தெரிஞ்சு குடிச்சா மட்டும் வாசன வந்துரும்.” செருப்பின் வாரை மாட்டி நிமிர்ந்தார். “நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சுங்க சார்.”

மறைத்து வைத்ததுதான் நான் செய்த தப்பு. லேபிளைக் காட்டி ஊற்றியிருந்தால் அந்த மனிதர் அன்று மனைவியோடு உட்கார்ந்து குடித்திருப்பார். இது அப்போதே எனக்குப் புரிந்தது. புரிந்தும் கதவைச் சாத்திவிட்டு மீதி நான்கு பாட்டிலையும் ஒழுங்காக மூடி வைத்தேன்.

இப்போது அவர் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் போன் செய்வார். பேச்சு முடியும்போது, “அக்கா ஒயினு எப்படி இருந்துச்சு, இன்னொருக்கா சொல்லும்மா” என்பார். நான் இழுப்பறையைத் திறந்து அந்த உறையைக் கையில் எடுத்துக்கொள்வேன். 3க்குக் கீழே அவர் கவிழ்த்தபோது வழிந்த கறை இருக்கிறது. முதலில் கிராம்பு, அப்புறம் திராட்சைத் தோலின் துவர்ப்பு, கடைசியில் தொண்டையில் லேசாக ஒரு சூடு என்று சொல்வேன். அவர் மறுமுனையில் “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒன்றுகூட விடாமல் சொல்கிறேன். அவரும் அதில் ஒரு வாய் குடித்தார் என்பதை மட்டும் சொல்வதில்லை.